ஆபரேஷன் தழும்பில் ஹெர்னியா: வருவதற்கு முன்பே மெஷ் வைத்துத் தடுக்க முடியுமா?

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு ஓரிரு வருடம் கழித்துத் தழும்பை ஒட்டிப் புடைப்பு, அதாவது ஹெர்னியா, வந்தால், வீட்டில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். "அந்த டாக்டர் தையல் சரியாப் போடலை" என்பார் ஒருவர். "சொல்லச் சொல்லக் கேக்காம லாரித் தண்ணி பிடிச்சுக் குடம் தூக்கினே, அதான்" என்பார் இன்னொருவர். முதல் பேச்சு டாக்டர் மேல் பழி போடுகிறது, இரண்டாவது நோயாளி மேல். பல சமயம் இரண்டுமே பாதி உண்மைதான்.

ஹெர்னியாவுக்காக வயிற்றுச் சுவரில் வைக்கும் மெஷ் என்ற வலையைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். "உடம்பு ஒத்துக்காது", "வெளிநாட்டுல தடை பண்ணிட்டாங்க" என்று ஒரு பக்கம் பயம். "மெஷ் வச்சாச்சு, இனி வரவே வராது" என்று மறுபக்கம் அளவு கடந்த நம்பிக்கை. இதற்கு நடுவில் முக்கியமான ஒரு விஷயம் காதில் விழுவதே இல்லை. மெஷ் என்பது ஹெர்னியா வந்த பிறகு மட்டும் வைக்கும் பொருள் கிடையாது. முதல் ஆபரேஷன் முடிந்து வயிற்றை மூடும்போதே, ஹெர்னியா வராமல் இருக்க முன்கூட்டியே வைக்கலாம். சென்னை சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சிலும் வட சென்னையில் ஸ்டான்லியிலும் ஆபரேஷன் தியேட்டர் வெளியே காத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரியாததால் கேட்பதும் இல்லை. கேட்க வேண்டிய நேரம் ஆபரேஷனுக்கு முன்பு மட்டும்தான் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

## வயிற்றுச் சுவரின் பலம் எங்கே இருக்கிறது?

தொப்புளுக்கு மேலும் கீழும், நடுவயிற்றின் இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு பட்டையான தசைகள் ஓடுகின்றன. அவற்றைச் சுற்றி வெள்ளையான, கெட்டியான நார் உறை ஒன்று இருக்கிறது. இரு பக்க உறைகளும் நடுவில் பின்னிச் சேரும் கோட்டுக்கு லீனியா ஆல்பா என்று பெயர். தமிழில் வெண்கோடு என்று சொல்லலாம். வயிற்றுக்குள் இருக்கும் குடல் வெளியே தள்ளாமல் நிற்பது இந்த நார் உறையால்தான். மேலே இருக்கும் தோலுக்கும் கொழுப்புக்கும் அந்த பலம் கிடையாது.

குடல் ஓட்டை, குடல் அடைப்பு, புற்றுநோய், விபத்தில் உள்காயம் என்று எதற்காகப் பெரிய ஆபரேஷன் செய்தாலும், அறுவை மருத்துவர் பெரும்பாலும் இந்த வெண்கோட்டின் வழியாகத்தான் உள்ளே போகிறார். அதில் ரத்தக்குழாய் குறைவு, தசையை வெட்ட வேண்டியதில்லை, வேகமாக உள்ளே போகலாம், தேவைப்பட்டால் மேலும் கீழும் நீட்டலாம். இவ்வளவு வசதி இருந்தும் ஒரு சிக்கல் உண்டு. பக்கவாட்டுத் தசைகள் ஒவ்வொரு முறை இறுகும்போதும் அந்தக் கோட்டை இடதும் வலதுமாக இழுக்கின்றன. ஆறவேண்டிய காயத்தின் இரண்டு ஓரங்களும் ஓயாமல் எதிரெதிர்த் திசையில் இழுபடுகின்றன.

அந்தக் கோடு மறுபடி சரியாகச் சேராமல் இடைவெளி விட்டால், அதன் வழியே வயிற்றின் உள்சவ்வும், சில நேரம் குடலும் தோலுக்கு அடியில் வந்து நிற்கும். டாக்டர் சீட்டில் 'இன்சிஷனல் ஹெர்னியா' என்று எழுதுவது இதைத்தான். இங்கே தழும்பு ஹெர்னியா என்று சொல்கிறேன். ஓ.பி.யில் இதைக் கண்டுபிடிக்கும் விதம் ரொம்ப எளிமையானது. படுக்கவைத்து, தழும்பின் மேல் உள்ளங்கையைப் பதித்து, "இருமுங்கம்மா, பாப்போம்" என்பார் மருத்துவர். இருமும்போது கைக்கு அடியில் ஏதோ வந்து தட்டும். இருமல் நின்றதும் உள்ளே போய்விடும். தலையை மட்டும் தூக்கச் சொன்னால் இடைவெளியின் இரண்டு ஓரங்களையும் விரலால் தொட்டே உணரலாம்.

நடுவயிற்றில் நீளக் கீறல் போட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை இந்தப் பிரச்சினையில் மாட்டுகிறார்கள். உடல் பருமன் போன்ற காரணங்கள் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. அரிதாக யாருக்கோ வருவது என்று ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை இது.

சிசேரியன் செய்துகொண்டவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். இப்போது பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்குவாட்டில் போடும் கீறலில் தழும்பு ஹெர்னியா மிகக் குறைவு. நீளவாக்கில் கீறல் போட்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

## பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடம்

சென்னையில் எந்த அபார்ட்மென்ட் கட்டட வேலையைப் பார்த்தாலும் இதைக் கவனிக்கலாம். கான்கிரீட் பில்லரும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில், பூச்சு வேலை தொடங்கும் முன் கொத்தனார் ஒரு பட்டையான கம்பிவலையை ஆணி வைத்து அடிப்பார். சிக்கன் மெஷ் என்பார்கள். இரண்டு பொருள்கள் சேரும் இடம் என்பதால் வெயிலில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒரே மாதிரி இருக்காது. வெறும் பூச்சு மட்டும் இருந்தால் அந்த நேர்க்கோட்டில் விரிசல் விடும். வலையின் கண்களுக்குள் சிமென்ட் கலவை புகுந்து இறுகியதும், இழுவிசை ஒரு கோட்டில் விழாமல் வலையின் அகலம் முழுக்கப் பரவிவிடும்.

இதில் பார்க்க வேண்டியது, கொத்தனார் விரிசல் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. விரிசல் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில், பூசுவதற்கு முன்பே வலை அடிக்கிறார். அதே சமயம் வீடு முழுக்கச் சுவரில் வலை அடிப்பதும் இல்லை. தடுப்பு மெஷ் என்பதன் கருத்தும் இதுதான்.

ஆனால் சுவர் இருமாது, தும்மாது, மலச்சிக்கலில் முக்காது. உடம்பில் நடப்பதைப் புரிந்துகொள்ள இனி உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

## "தையல் பிரிச்சாச்சு" என்று சொல்லும்போது

பத்துப் பதினைந்து நாளில் ஆஸ்பத்திரியில் தையல் பிரித்ததும் காயம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். பிரித்தது தோலின் தையல் மட்டும். உள்ளே வெண்கோட்டில் போட்ட தையல் அப்படியேதான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். தோல் ஒட்டிக்கொள்ளும் வேகம் வேறு, நார் உறை ஆறும் வேகம் வேறு.

வெட்டுப்பட்ட நார் உறையில் உடம்பு கொலாஜன் என்ற புரத நாரைப் புதிதாக நெய்கிறது. முதலில் வருவது மெல்லிய, பலம் குறைந்த ரகம். மாதங்கள் போகப்போகத்தான் அது தடித்த, முறுக்கேறிய ரகமாக மாறுகிறது. சுமார் இரண்டு மாதத்தில் பழைய பலத்தில் பாதி அளவுக்கு வரும். ஒரு வருடம் ஆனாலும் முழு பலம் திரும்புவதில்லை. அப்படியானால் முதல் சில வாரங்கள் வயிற்றை மூடிவைத்திருப்பது யார்? நூல்தான்.

அந்த நூலின் மேல் விழும் சுமையையும் பாருங்கள். படுத்திருக்கும்போது வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. ஆரோக்கியமான இளைஞர்களிடம் அளந்து பார்த்ததில், நின்றுகொண்டு பலமாக இருமும்போது அது 100 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியது. இருமுவதும் குதிப்பதும்தான் உச்சம். கையில் சிறு எடை தூக்குவது அதன் பக்கத்திலேயே வரவில்லை. குடத்தைக் குற்றம் சொல்லும் வீடுகளில், ராத்திரியெல்லாம் வரும் சிகரெட் இருமலை யாரும் குற்றம் சொல்வதில்லை.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது 1989-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு. வயிற்றை மூடும்போது வெண்கோட்டின் இரு ஓரங்களிலும் சிறிய உலோகக் கிளிப்களைப் பொருத்தி, பிறகு எக்ஸ்ரே எடுத்து அவற்றின் இடைவெளியை அளந்தார்கள். முதல் மாத முடிவிலேயே ஓரங்கள் 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் விலகியிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பின்னாளில் ஹெர்னியா வந்தது. விலகாதவர்களுக்கு அநேகமாக வரவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்துத் தெரியும் புடைப்புக்கான முடிவு, பெரும்பாலும் முதல் மாதத்திலேயே, வெளியே எந்த அடையாளமும் தெரியாத நிலையில் எடுக்கப்பட்டுவிடுகிறது. போன வாரம் தூக்கிய குடம் அந்த இடைவெளியை வெளியே காட்டியிருக்கலாம். உண்டாக்கியது அது என்று சொல்வது கடினம்.

இதுவரை பார்த்தது: வயிற்றின் பலம் நடுக்கோட்டு நார் உறையில் இருக்கிறது. வெட்டினால் அது ஆற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தாங்குவது நூல். முதல் சில வாரங்களில் ஓரங்கள் விலகினால் ஹெர்னியாவுக்கு வழி திறந்துவிடும்.

## மெஷ்ஷுக்கு முன்னால் தையல்

தடுப்பு என்றதும் நேராக மெஷ்ஷுக்குப் போய்விடக் கூடாது. எல்லோருக்கும் செய்யக்கூடிய, செலவு அதிகம் இல்லாத தடுப்பு, தையல் போடும் முறையிலேயே இருக்கிறது.

பெரிய பெரிய தையலாக, நிறைய சதையைச் சேர்த்து இறுக்கிக் கட்டினால் உறுதியாக இருக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளிக் குத்தினால், நூலின் பிடிக்குள் நார் உறையோடு கொழுப்பும் தசையும் மாட்டிக்கொள்கின்றன. அந்த மென்மையான பகுதி நசுங்கி, ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகிறது. அதன் பருமன் குறைந்ததும், இறுக்கமாக இருந்த நூல் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. ஓரங்கள் விலகுகின்றன. நூல் அறுவதில்லை, முடிச்சும் அவிழ்வதில்லை. பிடித்துக்கொள்ள அங்கே சதை இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் சிறு தையல் முறை. ஓரத்திலிருந்து சுமார் 5 மி.மீ. தள்ளி, 5 மி.மீ.க்கு ஒன்றாக, நார் உறையை மட்டும் பிடித்து, நெருக்கமாக ஒரே நூலில் ஓட்டிக்கொண்டே போவது. நூல் மெதுவாகக் கரையும் வகையாக இருக்க வேண்டும். பல வாரம் பிடிப்போடு இருந்து, முழுதாகக் கரைய ஆறேழு மாதம் ஆகும் ரகம் உண்டு. காயத்தின் நீளத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு நூல் உள்ளே போயிருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. 20 செ.மீ. கீறலுக்கு 80 செ.மீ. நூல். அதற்குக் குறைந்தால் தையல்கள் தூரமாகவோ அளவுக்கு மீறி இறுக்கமாகவோ விழுந்திருக்கின்றன என்று பொருள்.

நெதர்லாந்தில் 560 பேரை வைத்து நடந்த ஸ்டிச் என்ற ஆய்வின் முடிவு 2015-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஒரு வருடத்தில் பெரிய தையல் போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஹெர்னியா, சிறு தையல் போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு. புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. கூடுதலாக ஆனது சில நிமிடங்களும் பொறுமையும்தான். பெரிய ஆபரேஷன் முடிந்து எல்லோரும் களைத்திருக்கும் கடைசிக் கட்டத்தில் அந்தப் பொறுமை வேண்டும் என்பதுதான் கஷ்டம். வயிற்றை மூடுவதும் ஆபரேஷனின் ஒரு பகுதி, கதவைச் சாத்துவதுபோல் முடித்துவிட்டுப் போகும் வேலை கிடையாது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

## வலை உள்ளே போய் என்ன செய்கிறது?

மெஷ் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கிருமி நீக்கிய உறையைப் பிரித்தால், உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிதான ஒரு வெள்ளைச் சதுரம். காற்றுபோல எடை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் கண் கண்ணாகத் தெரியும். கத்தரிக்கோலால் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அதிகம் பயன்படுவது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னியது. 1950-களின் கடைசியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபிரான்சிஸ் அஷர் ஹெர்னியாவுக்கு பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். அடுத்த சில வருடங்களில் பாலிப்ரொப்பிலீன் வலை வந்தது. அறுபது வருடத்துக்கு மேலாக உலகெங்கும் புழங்கும் பொருள்.

வைத்தவுடனே வலை எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே வந்த அந்நியப் பொருளை உடம்பு முதலில் சூழ்ந்துகொள்கிறது. அழற்சி உண்டாகிறது. அடுத்த சில வாரங்களில் கொலாஜன் நெய்யும் செல்கள் வலையின் கண்களுக்குள் நுழைந்து, இழைகளைச் சுற்றி நார் பின்னுகின்றன. கடைசியில் வலையும் தழும்பும் ஒரே தகடாகிவிடும். அதன் பிறகு இருமினாலும் தும்மினாலும் இழுவிசை ஒற்றைக் கோட்டில் விழாமல், வலையின் அகலம் முழுக்கப் பரவுகிறது. ஓரங்கள் விலகப் பார்த்தாலும் குறுக்கே வலை பிடித்திருக்கும்.

கண்கள் மிகச் சிறியதாக இருந்தால் நார் உள்ளே புகாமல் மேலேயே மூடிக்கொண்டு விறைப்பாகிவிடும். அதனால் இப்போது பெரிய கண்ணுள்ள, எடை குறைந்த வலைகளை விரும்புகிறார்கள்.

தடுப்புக்காக வைக்கும்போது முக்கியமாக இரண்டு இடங்கள் உண்டு. வெண்கோட்டைத் தைத்து முடித்தபின், அதன் மேலே, கொழுப்புக்கு அடியில் பட்டையாக வைப்பது ஆன்லே. நீளத் தசைகளுக்குப் பின்னால், உறையின் பின்பக்க அடுக்குக்கு முன்னால் வைப்பது சப்லே. எதுவானாலும் தையலின் இருபுறமும் சில செ.மீ. அகலம் வலை தாண்டியிருக்க வேண்டும். ஆன்லே வைப்பது எளிது. ஆனால் கொழுப்பை உறையிலிருந்து பிரிக்க வேண்டியிருப்பதால், அந்த இடத்தில் தெளிந்த நீர் கட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அந்த நீர்க்கட்டுக்கு செரோமா என்று பெயர். சப்லேயில் செரோமா குறைவு. ஆனால் அதற்குக் கைத்திறனும் நேரமும் கூடுதலாக வேண்டும்.

வெறும் பாலிப்ரொப்பிலீன் வலையைக் குடல் மேல் நேரடியாகப் படும்படி வைப்பதில்லை. குடல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

## எண்கள் என்ன சொல்கின்றன?

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு பிரீமா. 2017-இல் 'லான்செட்'டில் வந்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் 480 பேர். எல்லோரும் ஹெர்னியா வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள். ஒன்று, உடல் எடைக் குறியீடு என்ற பி.எம்.ஐ. 27 அல்லது அதற்கு மேல் இருந்தது. அல்லது, வயிற்றில் ஓடும் மகா தமனி பலூன்போல வீங்கியதற்காக ஆபரேஷன் செய்துகொண்டார்கள். தமனிச் சுவர் அப்படித் தளர்பவர்களுக்கு உடம்பின் மற்ற நார்த் திசுவும் பலவீனமாக இருப்பது தெரிந்த விஷயம்.

இரண்டு வருடம் கழித்து, தையல் மட்டும் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு ஹெர்னியா. ஆன்லே வைத்தவர்களில் 13 சதவீதம். சப்லே வைத்தவர்களில் 18 சதவீதம். செரோமா ஆன்லேயில் 18 சதவீதம், சப்லேயில் 7, தையல் மட்டும் போட்டவர்களில் 5. காயத்தில் கிருமி பிடிப்பதில் மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை நூறு பேராக நினைத்துப் பார்ப்போம். ஆபத்து அதிகம் உள்ள நூறு பேருக்கு ஆன்லே வைத்தால், 70 பேருக்கு வலை இல்லாமலே ஹெர்னியா வந்திருக்காது. 13 பேருக்கு வலை வைத்தும் வருகிறது. நடுவில் உள்ள 17 பேர் தப்பிக்கிறார்கள். அந்த 17 பேரில் நாம் இருப்போமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. "வச்சாச்சு, இனி வராது" என்ற பேச்சும் தவறு, "வைப்பதே வீண்" என்ற பேச்சும் தவறு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

17 பேர் என்பது சிறிய எண்ணிக்கையா? என் கருத்தில் இல்லை. ஏனென்றால் வந்த ஹெர்னியாவைச் சரிசெய்வது, வராமல் தடுப்பதைவிடப் பல மடங்கு கடினம். தழும்பு ஹெர்னியாவை வெறும் தையலால் சரிசெய்தவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த டச்சு ஆய்வு ஒன்றில், 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. மெஷ் வைத்துச் சரிசெய்தவர்களிலும் 32 சதவீதம் பேருக்குத் திரும்பியது. ஒரு முறை கோடு விட்டுப்போனால், அடுத்தடுத்த ஆபரேஷன்கள் ஏற்கெனவே பலம் குறைந்த சுவரில்தான் நடக்கின்றன. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் வருமான இழப்பு.

ஒரு கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. பிரீமாவில் ஒப்பிட்ட தையல், பின்னால் வந்த சிறு தையல் முறை கிடையாது. எல்லோருக்கும் சிறு தையல் போட்டால், அதற்கு மேல் மெஷ் எவ்வளவு கூடுதலாக உதவும் என்பதில் விவாதம் நடக்கிறது. 2022-இல் ஐரோப்பிய, அமெரிக்க ஹெர்னியா சங்கங்கள் சேர்ந்து புதுப்பித்த வழிகாட்டியும், திட்டமிட்ட நடுவயிற்று ஆபரேஷனில் தடுப்பு மெஷ்ஷைப் பரிசீலிக்கலாம் என்றுதான் சொல்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை.

சுருக்கமாக: நல்ல தையல் எல்லோருக்கும் வேண்டும். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, திட்டமிட்ட ஆபரேஷனில், மெஷ் ஹெர்னியாவைப் பாதியளவு குறைக்கிறது. அதற்கு விலையாகக் கொஞ்சம் நீர்க்கட்டு.

## இது யாருக்குப் பொருந்தும்?

பி.எம்.ஐ. 27 என்றதும் மிகவும் பருத்த உடம்பு கண்ணில் வரும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு அது சுமார் 69 கிலோ. சென்னை வீதிகளில் நாம் குண்டு என்றே சொல்லாத ஆள். 69 கிலோவைத் தொட்டவர்களுக்கெல்லாம் மெஷ் வேண்டும் என்று இதற்குப் பொருள் கிடையாது. புகைப்பழக்கம், ஓயாத இருமல், கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை, சத்துக் குறைவு, முன்பே வேறு இடத்தில் ஹெர்னியா வந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

நடு இரவில் குடல் ஓட்டையோடு வந்து, வயிறு முழுக்கச் சீழாக இருக்கும் நிலை வேறு. அங்கே வலை வைத்தால் கிருமிகள் வலையிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. மேலே சொன்ன எண்களை அப்படிப்பட்ட அவசர ஆபரேஷனுக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே உயிரைக் காப்பாற்றுவதும் தையலைச் சரியாகப் போடுவதும்தான் முதல் வேலை.

பெரிய கீறல் தேவையில்லாமல், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் முடிக்க முடிந்தால் அது இன்னும் நல்லது. எல்லா ஆபரேஷனுக்கும் அது சாத்தியப்படாது.

## மெஷ் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது?

யூடியூபில் மெஷ் என்று தேடினால் வரும் வழக்குகள், கண்ணீர்ப் பேட்டிகளில் நிறைய, பெண்களுக்குக் கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைத்த வலை பற்றியவை. அந்தப் பயன்பாட்டுக்கான வலைகளின் விற்பனையை 2019-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தச் சொன்னது. அந்தப் பெண்களின் வேதனை உண்மையானது. ஆனால் வைத்த இடமும் முறையும் வேறு. வயிற்றுச் சுவர் மெஷ் தடைசெய்யப்படவில்லை.

அதற்காக வயிற்று மெஷ்ஷில் பிரச்சினையே வராது என்றும் இல்லை. கிருமி பிடிக்கலாம், நாள்பட்ட வலி வரலாம், சிலருக்கு விறைப்பாக உணரலாம், அரிதாக எடுத்துவிட வேண்டியும் வரலாம். மாற்று உறுப்பை உடம்பு நிராகரிப்பதுபோல் மெஷ்ஷை நிராகரிக்காது. "உடம்பு ஒத்துக்கலை" என்று சொல்லப்படுபவற்றில் பல, உண்மையில் கிருமித் தொற்று.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிராவின் தோண்டாய்ச்சாவில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற அறுவை மருத்துவர், முறையாகக் கிருமி நீக்கிய கொசுவலைத் துணியைத் தொடை இடுக்கு ஹெர்னியாவுக்குப் பயன்படுத்தி, 2003-இல் ஆய்வு வெளியிட்டார். உகாண்டாவிலும் பிறகு இதைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். ஏழை நோயாளிக்கும் மெஷ் எட்ட வேண்டும் என்ற அக்கறை நம் நாட்டிலிருந்தே எழுந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

## கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

ஒப்புதல் படிவத்தை நீட்டும் நேரத்தில் குடும்பம் பதற்றத்தில் இருக்கும். அதனால் தேதி குறிக்கும் நாளிலேயே கேட்பது நல்லது. "டாக்டர், நடுவயித்துல கீறல் வருமா? இவருக்குப் பின்னாடி ஹெர்னியா வர்ற ஆபத்து எவ்வளவு? மூடும்போது மெஷ் வைக்கறது இவருக்குச் சரிவருமா?" என்று கேட்டால் போதும். சந்தேகப்படுகிறோம் என்று டாக்டர் நினைப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். "வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதற்கான காரணத்தையும் சொல்வார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள், மெஷ் செலவு அந்த சிகிச்சைக்கான தொகைக்குள் அடங்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் செய்ய வேண்டியவையும் உண்டு. தேதிக்கு நாலு வாரம் முன்பாவது சிகரெட், பீடியை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, இருமலுக்கு சிகிச்சை எடுப்பது. ஆபரேஷனுக்குப் பிறகு இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமலாம். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியை ஓரமாக வைத்துவிடாமல், மூச்சை உள்ளே உறிஞ்சிப் பழக வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தியம் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் சீழ் பிடிக்கும் என்று நிறுத்திவிட்டு, ரசம் சாதமும் இட்லியுமாகவே ஒரு மாதம் ஓட்டும் வீடுகள் இன்னும் நிறைய. கொலாஜன் நெய்யப் புரதம் வேண்டும். அந்த ஒரு மாதம்தான் நடுக்கோடு சேருமா விலகுமா என்று முடிவாகும் மாதம். டாக்டர் சாப்பிடச் சொன்ன நாளிலிருந்து முட்டையும் பருப்பும் தட்டில் இருக்கட்டும்.

வயிற்றில் கட்டும் பெல்ட் வலியைக் குறைக்கும், எழுந்து நடக்கத் தைரியம் தரும். ஹெர்னியாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. போட்டுக்கொள்ளலாம். அதை நம்பிப் புகைப்பதைத் தொடரக் கூடாது.

மெஷ் வைத்திருந்தால் அதன் வகை, அளவு, வைத்த இடம் எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்கள். இல்லையென்றால் எழுதித்தரச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொரு டாக்டர் அதே வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான். போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் வைத்திருங்கள். தழும்பில் ஏற்கெனவே புடைப்பு இருப்பவர்களுக்கு, அது திடீரென்று கெட்டியாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியுமாக இருந்தால், குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே 108-ஐ அழையுங்கள்.